பால், மோர், அக்கானி

போன மாதம், நான் வேலை பார்த்த பல் கிளினிக் பக்கம் போயிருந்தேன். ஓய்வு பெற்றவளுக்கு அங்கே ஒரு டீ உண்டு, கொஞ்சம் ஊர்வம்பும் உண்டு. இப்போது அங்கிருக்கும் இளம் டாக்டர்கள் புதிதாக ஒரு கருவி வாங்கியிருக்கிறார்கள். பேனா மாதிரி இருக்கிறது. பல்லில் தொட்டால் அதன் நிறத்தைத் திரையில் எழுதிக் காட்டிவிடுகிறது. "இது இல்லாம நீங்கல்லாம் எப்பிடி டாக்டர் ஷேடு பாத்திய?" என்று கேட்டார்கள். பல்லின் நிறத்தைத்தான் நாங்கள் ஷேடு என்போம். "வடக்கு ஜன்னல்ல வெச்சுப் பாத்தோம்" என்றேன். சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. எனக்குச் சுருக்கென்றிருந்தது, வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

படிப்பு, கல்யாணம், பிள்ளைப்பேறு எல்லாம் எல்லோருக்கும் உள்ளதுதான், அதை விடுவோம். அதற்குப் பிறகு வளைகுடாவில் ஒரு சுகாதார நிலையத்தில் பல வருடம் பல் பிடுங்கினேன். காலையில் வரிசை நிற்கும், மதியத்துக்குள் வரிசை தீர வேண்டும். அழகைப் பற்றி அங்கே யாரும் பேசியதில்லை. 2004-ல் ஊர் திரும்பி மார்த்தாண்டத்தில் நேசையன் சாரிடம் சேர்ந்தபோது எனக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. பாத்திரக்கடைக்கு மேல் மாடியில் கிளினிக். கீழே குடம் விழுந்தால் மேலே நாற்காலியில் இருக்கிறவர் துள்ளுவார்.

நேசையன் சார் குள்ளமான மனிதர். சட்டைக் கையை எப்போதும் முழங்கை வரை மடித்திருப்பார். பிரியம் வந்தால் என்னை "மக்ளே" என்பார். "டாக்டரம்மா" என்று கூப்பிட்டால் ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று பொருள். நான் அங்கே செய்த முதல் முன்பல்லைப் பார்த்ததும் டாக்டரம்மாதான் வந்தது. ஒரு கல்லூரி மாணவன், பைக்கிலிருந்து விழுந்து பல் பாதி போயிருந்தது. நான் ஒரே நிறப் பசையை எடுத்து, வழித்து, நீல விளக்கைக் காட்டி இறுக்கி முடித்துவிட்டேன். எனக்கென்னவோ நன்றாக இருப்பதாகத்தான் பட்டது.

சார் எட்டிப் பார்த்தார். "சுவருக்கு நல்லா வெள்ளை அடிச்சிருக்கிய டாக்டரம்மா. ஒரு கேட்டையும் வெச்சிட்டா பால் காய்ச்சிக் குடி போயிரலாம்."

அந்த மாணவனே சிரித்துவிட்டான். எனக்கு அழுகை வந்தது. அன்று மதியம் சாப்பிட்டபின் சார் என்னை ஜன்னலண்டை கூப்பிட்டு, யாருக்கோ பிடுங்கி வைத்திருந்த, உடையாத ஒரு பல்லை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். உள்ளே மஞ்சளும் தவிட்டு நிறமுமாக ஒளி புகாத பகுதி, அது டென்டின். அதன்மேல் கண்ணாடி போர்த்தியது போல எனாமல். பல்லின் நிறம் உள்ளே இருக்கிறது. அதன் உயிரெல்லாம் மேலே இருக்கிறது. முனையில் ஒளி ஊடுருவி லேசாக நீலம் பூத்திருக்கும். இதை ஒரே பசையில் கொண்டுவர முடியாது, உள்ளுக்கு ஒன்று மேலுக்கு ஒன்று என்று அடுக்கித்தான் கட்ட வேண்டும். டென்டின் நிறம் சற்றுத் தப்பினாலும் சமாளித்துவிடலாம், எனாமல் தப்பினால் ரோட்டில் போகிறவனுக்கும் தெரியும் என்பது சாரின் கட்சி.

எனாமல் பசையில் சார் மூன்று மட்டும்தான் வைத்திருந்தார். கம்பெனிக்காரன் எழுத்தும் எண்ணுமாகப் பெயர் போட்டிருப்பான். சாருக்கு அது பிடிக்காது. அவர் வைத்த பெயர்கள் பால், மோர், அக்கானி. அக்கானி என்றால் எங்கள் பக்கத்தில் பதநீர். இளம் வயசுப் பல்லுக்குப் பால், வெளுப்பும் பளிச்சும் கூடுதல். நடுத்தர வயசுக்கு மோர். தேய்ந்து கண்ணாடியாகிப்போன கிழட்டுப் பல்லுக்கு அக்கானி, அதில் நிறமே இருக்காது, ஒளி நேராக உள்ளே போய்விடும். ஒருமுறை விற்பனைப் பிரதிநிதி ஒருவர் திருவனந்தபுரத்திலிருந்து பெட்டி நிறைய எனாமல் கொண்டுவந்து மேசையில் பரப்பினார். சார் ஒவ்வொன்றாக ஜன்னலில் பிடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இவ்வளவு பாலயும் கறக்க எங்கிட்ட மாடு இல்லே" என்று திருப்பிக் கொடுத்தார். அந்த ஆள் எல்லையிலுள்ள களியக்காவிளை போய்ச் சேரும்வரை யோசித்திருப்பான்.

நிறம் பார்ப்பதற்கு அவரிடம் சட்டம் உண்டு. நோயாளி வந்து உட்கார்ந்ததும் முதல் வேலை அதுதான், ஊசி போட்டபின்பு இல்லை. வாயைத் திறந்து வைத்திருந்தால் பல் காய்ந்து வெளுத்துவிடும், அந்தப் பொய் வெள்ளையை நம்பி நிறம் எடுத்தால் வீட்டுக்குப் போய் எச்சில் ஊறியதும் குட்டு வெளிப்படும். அதனால் வந்தவர்களை முதலில் பேசவிடுவார். மழை உண்டா, மீன் என்ன விலை என்று ஏதாவது கேட்பார். உதட்டுச்சாயம் இருந்தால் துடைக்க வேண்டும். சேலை சிவப்போ கிளிப்பச்சையோ என்றால் சாம்பல் நிறத் துண்டு ஒன்றைக் கழுத்தோடு போர்த்துவார், சேலை நிறம் பல்லில் ஏறாமலிருக்க. மேல்விளக்கை அணைத்துவிட்டு வெயில் நேரே விழாத வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு பார்வை. உற்று உற்றுப் பார்க்கக்கூடாது, கண் சலித்தால் எல்லாம் ஒரே நிறமாகிவிடும்.

கடைசியாகப் பொட்டு. எந்த எனாமல் என்று சந்தேகம் வந்தால் அரிசிமணி அளவு பசையைப் பல்லின்மேல் ஒட்டு மருந்து இல்லாமல் வைத்து விளக்குக் காட்டி இறுக்குவார். இறுகியபின் பசையின் நிறம் மாறும், மாறிய நிறம்தான் நிஜம். பார்த்துவிட்டு நகத்தால் தட்டினால் பொட்டு உதிர்ந்துவிடும். "என் வீட்ல பொட்டு கெடையாது, நாங்க கிறிஸ்தவச் சபைக்காரங்க. அந்த ஆசைய இங்க வெச்சுத் தீத்துக்கிடுகேன்" என்பார்.

அவரிடம் நான் கற்றுக்கொண்டதில் இன்னொன்று, பல்லைச் செய்யுமுன் ஆளைப் பார்க்க வேண்டும் என்பது. கடற்கரையிலிருந்து ஒருவர் வந்தார், ஐம்பது வயது, முன்பல் முனை சிதறியிருந்தது. நான் மோர் எடுத்து அழகாக அடுக்கி, முனையை நேர்கோடாக்கி அனுப்பினேன். மறுநாள் காலையிலேயே படியேறி வந்துவிட்டார். "டாக்டரே, பல்லு நல்லாத்தான் இருக்கு. ஆனா நூலு நிக்கல்ல" என்றார். வலை பின்னும்போது நூலைப் பல்லில் கடித்துப் பிடித்துப் பிடித்து, அந்தப் பல்லில் ஒரு சின்னப் பள்ளம் விழுந்திருக்கிறது. அதை நான் சிதறல் என்று நினைத்து அடைத்துவிட்டேன். சார் ஒரு வார்த்தை திட்டவில்லை. வந்தவரின் சட்டைப்பையில் இருந்த நைலான் நூலையே வாங்கி, பல்லில் வைத்துப் பார்த்துப் பார்த்துப் பள்ளத்தைத் தேய்த்தெடுத்தார். எனாமல் பூச்சை அந்த இடத்தில் எடுத்துவிட்டு உள்ளே இருந்த உறுதியான டென்டின் பசையை வெளியே தெரிய விட்டார். அந்த மனுஷன் நூலைக் கடித்து இழுத்துப் பார்த்து, "இப்பம் என் பல்லு" என்றார். அடுத்த வாரம் ஒரு பை நிறையச் சாளை மீன் வந்தது.

இப்படி ஏழெட்டு வருடம் போனது. என் கை தேறியது. சாரின் மனைவி ஞானம் அக்கா மதியச் சாப்பாட்டில் எனக்கும் சேர்த்து ஒரு பாத்திரம் அனுப்புவார். அக்கா வைக்கும் மீன்கறிக்காகவே வேலைக்குப் போன நாட்கள் உண்டு.

பிறகு ஒரு காலத்தில் சார் வெளிச்சம் போதவில்லை என்று சொல்ல ஆரம்பித்தார். டியூப்லைட்டை மாற்றினார். பிறகு அதைவிடப் பெரிதாக மாற்றினார். பசை கெட்டுப்போச்சு, சவத்துக் கம்பெனிக்காரனுவ பழைய சரக்கைத் தள்ளிவிடுதானுவ என்று திட்டினார். சாயங்காலம் இருட்டுமுன் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார், எதிரே வரும் லைட் கண்ணைக் குத்துகிறதாம். நான் இதையெல்லாம் வயசின் கணக்கில் எழுதினேன்.

குலசேகரத்திலிருந்து ஒரு பெண் வந்தாள், ரப்பர் ஷீட் வாங்கும் கடையில் வேலை பார்ப்பவள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. சார் கட்டிய முன்பல், பரிசோதனைக்கு வந்திருந்தாள். பேசும்போதெல்லாம் கையை வாய்க்குக் கொண்டுபோனாள். கையை எடுக்கச் சொல்லிப் பார்த்தேன். வடிவம் அப்படியே சாரின் கை. நிறம் சாம்பல். இளம் பல்லில் அக்கானியைப் போட்டிருந்தார், அதுவும் கனமாக. எனாமல் பசை நகத்தின் கனத்தைத் தாண்டினாலே ஒளியை விழுங்கிவிடும், பல் செத்த பல் மாதிரி இருண்டுவிடும்.

"இது ஒனக்குச் சரியாட்டா இருக்கு?" என்று கேட்டேன்.

"நேசையன் டாக்டர் பாத்து வெச்ச நிறம்லா. அப்பம் என் பல்லு அப்பிடித்தான் இருக்கும் டாக்டர். நான்தான் இவ்வளவு நாளும் கவனிச்சிருக்க மாட்டேன்" என்றாள்.

அவர்மேல் வைத்த நம்பிக்கையில் தன் பல்லையே சந்தேகப்படுகிறாள். உன் பல்லில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லி, சார் சாப்பிடப் போன நேரத்தில் மேல்பூச்சை எடுத்துவிட்டுப் பால் வைத்து அனுப்பினேன். படியிறங்கும்போது கை வாய்க்குப் போகவில்லை.

அன்று மாலை சாரிடம், "கண்ண ஒருக்கா காட்டலாமே சார்" என்றேன்.

"என் கண்ணுக்கு என்ன? ஆகாசத்துல போற பருந்த எண்ணிச் சொல்லுவேன்."

"பருந்துக்கு ஷேடு பாக்கண்டாமே சார்."

இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசியபோதும் டாக்டரம்மாதான்.

அந்தச் சமயத்தில்தான் ஞானம் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து முன்பல் ஒன்றின் மூலை உடைந்தது. அவர்களுக்கு ஒரே மகன், துபாயில் வேலை, கல்யாணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. அக்கா கன்னம் வீங்கி வந்து உட்கார்ந்திருந்தார். வீக்கம் வடிந்ததும் நான் செய்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். சார் விடவில்லை. "என் பெண்டாட்டிக்குப் பல்லு கட்ட வேற ஆளு வரணுமா?" என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தபின் எப்படி மறுப்பது?

நான் விளக்குப் பிடித்தேன். சாம்பல் துண்டு, ஜன்னல் வெளிச்சம், பேச்சு எல்லாம் முறைப்படி நடந்தது. பொட்டு வைக்க அவர் கை அக்கானிக்குப் போனது.

"சார், மோர் போதாதா? அக்காவுக்கு அவ்வளவு தேயல்ல" என்றேன்.

"இந்தப் பல்ல ஒனக்கு எத்தன நாளாட்டு தெரியும் டாக்டரம்மா? நான் பெண்ணு பாக்கப் போன அன்னைக்கே பாத்த பல்லு."

அவர் கை அன்று வேலை செய்த அழகை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பக்கத்துப் பல்மேல் லேசாக ஏறியிருந்த அந்தச் சின்னத் திருப்பம், முனையில் இருந்த மெல்லிய வரிகள், எல்லாவற்றையும் அளவே பார்க்காமல் ஞாபகத்திலிருந்து கொண்டுவந்தார். தேய்த்துப் பளபளப்பாக்கி, கண்ணாடியை அக்கா கையில் கொடுத்துவிட்டு, அவர் முகத்தையே பார்த்துச் சிரித்தபடி நின்றார். பல் ஈரச் சாம்பல் நிறத்தில் இருந்தது.

அக்கா கண்ணாடியைப் பார்த்தார். அப்புறம் சாரைப் பார்த்தார். "நல்லாருக்கு" என்றார்.

நான் கீழே ஆட்டோ வரை கொண்டுவிடப் போனேன். பாத்திரக்கடை வாசலில் அக்கா என் கையைப் பிடித்தார்.

"ஏட்டி சுகந்தி, நீ ஒண்ணும் மிண்டாத, அவருட்ட சொல்லிராத. அவருக்குக் கண்ணு கொறச்சு நாளாட்டே சரியில்ல, எனக்குத் தெரியும். பித்தான மாத்தி மாத்திப் போடுதாரு. வேதபுத்தகம் நான்தான் வாசிச்சுக் குடுக்கேன், கண்ணாடி எடுக்கச் சோம்பல்னு சொல்லுவாரு. நானும் நம்புன மாதிரி இருந்துக்கிடுவேன். கல்யாணம் கழியட்டும்."

"கல்யாணத்துல போட்டோ எடுப்பாங்களே அக்கா."

"வாய மூடிச் சிரிக்கேன். பெத்தவளுக்கு அது போதும்."

அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்கா தன் பல்லைக் கொடுத்து அவரைக் காப்பாற்றப் பார்க்கிறார், சரி. ஆனால் நாளைக்கு வரப்போகிற பிள்ளைகள் யாருக்காகச் சாம்பல் பல்லைச் சுமக்க வேண்டும்? அவர் கையில் ஒரு பல் கெடுவதை ஊர் கண்டுபிடிப்பதற்கு முன் அவர் கண்டுபிடிக்க வேண்டும் என்று எனக்கிருந்தது. என்மேல் கோபப்பட்டால் படட்டும், அந்த மனுஷனைப் பார்த்து ஊர் சிரிக்க விடமாட்டேன்.

மறுநாள் மதியம், நோயாளிகள் போனபின், என் முன்பற்கள் இரண்டில் நானே பொட்டு வைத்துக்கொண்டேன், ஒன்றில் பால், ஒன்றில் அக்கானி. ஜன்னலருகே நாற்காலியில் போய் உட்கார்ந்து சாரைக் கூப்பிட்டேன்.

"சார், எது பால், எது அக்கானி? சொல்லுங்க."

"பரீட்சை வெக்கியா?"

"ஆமா சார்."

முறைத்தார். ஆனாலும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். என் தாடையை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். கடைசியில் கையை நீட்டி மேல்விளக்கைப் போட்டார். நிறம் பார்க்கும்போது மேல்விளக்கைப் போட்டதற்காக என்னை எத்தனை முறை திட்டியிருக்கிறார்.

"ரெண்டும் ஒண்ணுதானே. என்ன வெச்சு விளையாடுதியா?"

"இல்ல சார். ஒண்ணு பால், ஒண்ணு அக்கானி."

மேல்விளக்கை அணைத்துவிட்டு இன்னொரு தரம் பார்த்தார். பிறகு, அவரிடமிருந்து நான் கேட்டேயிராத ஒரு குரலில், "எது மக்ளே பால்?" என்று கேட்டார்.

தொட்டுக் காட்டினேன். தலையை ஆட்டினார். மடித்துவிட்ட சட்டைக் கைகளை மெதுவாக இறக்கிவிட்டுப் பித்தான் போட்டுக்கொண்டார். "எத்தன பேருக்கு இப்பிடி வெச்சிருப்பேன்?" என்றார். ஒவ்வொருவராக வரவழைத்துப் பார்த்துக்கொள்ளலாம், முதலில் கண்ணைப் பார்ப்போம் என்றேன். அவர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். அதன்பின் கண் அறுவை சிகிச்சை முடியும்வரை அவர் முன்பல் தொடவில்லை.

மறுநாள் காலை அக்காவின் போன். நல்ல ஏச்சு. "ஒன்ன யாருட்டி சொல்லச் சொன்னா? ராத்திரி முழுக்க மனுஷன் தூங்கல்ல. என் பல்லு எப்பிடி இருக்குன்னு கேட்டாரு. பொன்னு மாதிரி இருக்கு, அது நீங்க அனுபவத்துல செஞ்சதுன்னு சொல்லிட்டேன். இனி நீ வாயத் தொறந்தா கல்யாணத்துல ஒனக்குச் சோறு கெடையாது." திட்டி முடித்துவிட்டு, எந்தக் கண் ஆஸ்பத்திரி நல்லது என்றும் அதே மூச்சில் கேட்டார்.

இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. ஒவ்வொன்றாகச் செய்தார்கள். கல்யாணத்துக்கு இன்னும் சில மாதம் இருந்ததால் கண் தேறிய பிறகு அக்காவின் பல்லைச் சாரே திரும்பக் கட்டினார், மோர் வைத்து. கல்யாண ஆல்பத்தில் அக்கா எல்லாப் படத்திலும் வாய் நிறையச் சிரிக்கிறார், எந்தப் பல் என்று எனக்கே தேட வேண்டியிருக்கிறது. மற்றவர்களையும் வரவழைத்தோம், பெரும்பாலும் வந்தார்கள், சார் எல்லோரிடமும் காரணத்தைச் சொல்லியே செய்தார். ஆனால் எனக்கு இந்தத் தொழிலை நினைத்தால் முதலில் மனசில் வருவது அதற்கெல்லாம் முந்தைய ஒரு காலை. முதல் கண்ணின் கட்டு அவிழ்த்த காலை.

நர்ஸ் பஞ்சை எடுத்துத் துடைத்துவிட்டாள். சார் கண்ணைக் கொட்டிக் கொட்டிச் சுவரைப் பார்த்தார். "இந்தச் சுவரு இவ்வளவு வெள்ளையா? கொறச்சு நீலங்கூட இருக்கே" என்றார். என் சேலையைப் பார்த்து, இது பச்சையா, நான் தவிட்டு நிறம்னு நினைச்சேன் என்றார். அப்போது அக்கா பிளாஸ்கில் காப்பியோடு உள்ளே வந்தார். எல்லாம் நல்லபடி முடிந்த சந்தோஷத்தில், இத்தனை நாள் காத்துவந்ததை மறந்து, வாய் நிறையச் சிரித்துவிட்டார்.

சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொழில்காரன் கண் முந்திக்கொண்டது, ஞாபகம் பின்னால்தான் வந்தது.

"எவன் ஒனக்கு இந்தப் பல்ல கட்டுனது? எந்தச் சவம் அக்கானிய இப்பிடி அப்பி வெச்சான்?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அக்கா காப்பியை ஊற்றி அவர் கையில் கொடுத்தார்.

"மார்த்தாண்டத்துல பேரு பெத்த டாக்டரு ஒருத்தரு இருக்காரு. அவருதான்."

சாரின் கையில் காப்பி அப்படியே நின்றது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அக்காவின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். "அன்னைக்கே ஏன் ஞானம் சொல்லல்ல? நான் கேட்டேன்லா. பொன்னு மாதிரி இருக்குன்னு சொன்னியே."

"பல்லு கட்டி முடிச்சிட்டு என்னப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சிய. பெண்ணு பாக்க வந்த அன்னைக்குப் பொறவு நீங்க என்ன அப்பிடிப் பாத்து நான் கண்டதில்ல. சவம் பல்லு, கெடந்துட்டுப் போட்டும்னு இருந்துட்டேன்."

சார் தாடையை விடவில்லை. புதுக் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்து கன்னத்தில் இறங்கியது. சொட்டு மருந்தோடு நின்ற நர்ஸ் பதறிப்போய், "அழப்படாது சார், தையல் போடாத கண்ணாக்கும்" என்றாள்.

"நான் எங்க சிஸ்டர் அழுகேன்?" என்றார் சார், அக்காவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "ஷேடு பாக்கேன்."